ஆறாத பின்தொடைத் தசைக் காயம்

தொடையின் பின்புறத்தில், இடுப்பெலும்பின் அடிப்பகுதியிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை செல்லும் மூன்று தசைகளின் தொகுதியே ‘ஹாம்ஸ்ட்ரிங்’ எனப்படும் பின்தொடைத் தசையாகும். விரைந்து ஓடுகையில், வீசி முன்வரும் கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், இத்தசை நீண்டுகொண்டே காலின் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருப்பதால், இதன் இழைகள் பெரும்பாலும் அக்கணத்திலேயே கிழிகின்றன. வலி நின்றதும் காயம் ஆறிவிட்டதாகக் கருதி ஓட்டத்திற்குத் திரும்புவோர் பலர். ஆனால் கிழிந்த இடத்தில் உருவாகும் தழும்புத் திசு, பளுவைத் தாங்கப் படிப்படியாகப் பழக்கப்பட்டாலன்றி வலுப்பெறுவதில்லை என்பதால், அதே இடத்தில் காயம் மீண்டும் நேர்கிறது. நெடுநாள் முழு ஓய்வும் இதற்குத் தீர்வன்று; அது மனத்துக்கு நிம்மதி தருமேயன்றித் தசைக்கு வலிமை தருவதில்லை. ஸ்வீடனின் உயர்நிலைக் கால்பந்து வீரர்கள் 75 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், தசையை நீட்டியபடி பளு ஏற்றும் பயிற்சிகளைச் செய்தோர் சராசரியாக 28 நாள்களிலும், வழக்கமான பயிற்சிகளைச் செய்தோர் 51 நாள்களிலும் முழுப் பயிற்சிக்குத் திரும்பினர். உட்காரும்போது பிட்டத்தின் அடியிலுள்ள எலும்பருகே வலி நீடிப்பின், கோளாறு தசையில் அல்லாமல் அதை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இருக்கக்கூடுமாதலால், தாமதியாமல் மருத்துவரை அணுகுக.