விழும் பெண்ணைப் பிடிக்கும் விளையாட்டு!

2006-ம் ஆண்டு மார்ச் 5-ந்தேதி. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரம். பெரிய உள்ளரங்கம் ஒன்றில் கல்லூரிகளுக்கு இடையே கூடைப்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது.

ஆட்டத்தின் நடுவே சிறிது இடைவேளை விட்டார்கள். உடனே ஒரு கல்லூரியின் ஆரவாரக் குழு களத்துக்குள் ஓடி வந்தது. ஒருவர் மேல் ஒருவராக ஏறி மனிதக் கோபுரம் கட்டினார்கள். உச்சியில் ஒரு மாணவி நின்றாள்.

திடீரென்று அவள் நிலை தடுமாறினாள். சுமார் 15 அடி உயரத்தில் இருந்து தலைகுப்புற விழுந்தாள். கீழே மெத்தை இல்லை. வெறும் தரை!

கழுத்து எலும்பில் முறிவு. மூளையில் அதிர்ச்சி. கழுத்தையும் தலையையும் அசையாமல் கட்டி, அவளைப் படுக்கையோடு வெளியே கொண்டு போனார்கள். கூட்டம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவளுடைய கல்லூரியின் பாண்டு வாத்தியம் முழங்கியது. அவ்வளவுதான்! கட்டிப்போட்ட நிலையிலும் அவளுடைய இரண்டு கைகளும் மேலே எழுந்தன. பாட்டுக்கு ஏற்றபடி அபிநயம் பிடித்துக்கொண்டே வெளியே போனாள்.

நல்ல வேளையாக அவள் பிழைத்துக்கொண்டாள். அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் புஷ் டெலிபோனில் அவளிடம் நலம் விசாரித்தார். அவருக்கு இதில் தனி அக்கறை இருந்ததில் ஆச்சரியம் இல்லை. பள்ளியில் படித்தபோது அவரும் ஆரவாரக் குழுவின் தலைவராக இருந்தவர்தான்!

நாம் பார்த்தது வேறு

“ஆரவாரக் குழுவா? ஐ.பி.எல். கிரிக்கெட்டில் நான்கு ரன் அடித்தால் ஆடுவார்களே, அவர்கள்தானே?” என்று கேட்பீர்கள்.

2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது பெங்களூர் மைதானத்தில் ஆட அமெரிக்காவில் இருந்தே ஒரு குழுவை வரவழைத்தார்கள். “சியர் லீடர்” என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். அவர்கள் ஆடுவது அடுத்தவருடைய ஆட்டத்துக்காக. நான் சொல்லப்போவது, அந்தக் குழுக்களே ஒன்றோடு ஒன்று மோதும் போட்டியைப் பற்றி.

உலகப் போட்டியில் ஒரு அணிக்கு 16 முதல் 24 பேர் வரை இருக்கலாம். நேரம் இரண்டரை நிமிடம். 54 அடி நீளம், 42 அடி அகலம் உள்ள மெத்தைத் தரை. அதற்குள் குட்டிக்கரணம், ஆளை ஆள் தூக்குவது, மேலே வீசிப் பிடிப்பது, மனிதக் கோபுரம், நடனம் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டும். இரண்டரை நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். முடித்துவிட்டு வருகிறவர்களைப் பாருங்கள். பேச மூச்சு இருக்காது!

மும்பையில் கோகுலாஷ்டமியை ஒட்டிக் கோபுரம் கட்டித் தயிர்ப்பானை உடைக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளி விழாக்களிலும் பிள்ளைகள் ‘பிரமிடு’ கட்டி உச்சியில் கொடி பிடிக்கிறார்கள். ஆகவே பார்ப்பதற்கு இது நமக்குப் புதிது அல்ல. சொல்லிக்கொடுக்கும் முறைதான் புதிது.

முதல் பாடம்

இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் எல்லாரும் மேலே ஏறத்தான் ஆசைப்படுவார்கள். நல்ல பயிற்சியாளர் முதலில் யாரையும் ஏற்றமாட்டார். தரையில் நிற்கச் சொல்வார். விழுகிறவளைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார்.

சாதாரணமாக ஒருத்தியைத் தூக்க மூன்று பேர். இருவர் பக்கத்துக்கு ஒருவராக நின்று அவள் பாதங்களைத் தாங்குவார்கள். மூன்றாவது ஆள் பின்னால் நிற்பார். அவருடைய கண் மேலே இருப்பவளை விட்டு அகலவே கூடாது. மேலே இருப்பவள் சாய்ந்தால் தலையும் தோளும் தரையில் படாமல் அணைத்துக்கொள்வது அவர் பொறுப்பு. பார்க்க வருகிறவர்கள் கை தட்டுவது உச்சியில் சிரிப்பவளுக்கு. அவள் உயிர் இருப்பதோ பின்னால் நிற்பவர் கையில்!

மேலே போகிறவளுக்கும் ஒரு பாடம் உண்டு. உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். தூங்கும் குழந்தையைத் தூக்கிப் பாருங்கள், கனக்கும். அதே குழந்தை விழித்திருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் கனம் தெரியாது. அதே கணக்குத்தான் இங்கும். பயந்து உடம்பைத் தளர்த்தினால் தாங்குகிற கை நழுவும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை எண்ணிக்கொண்டே எல்லாவற்றையும் செய்வார்கள். மூன்றில் குனிய வேண்டியவர் நான்கில் குனிந்தால் மேலே இருப்பவள் தரையில் இருப்பாள். வேறு விளையாட்டில் ஒருவர் சரியாக ஆடாவிட்டால் அணி தோற்கும். இங்கே ஒருவர் வராவிட்டாலே அன்றைய பயிற்சி நின்றுபோகும்.

பயிற்சியாளர் படும் பாடு

இந்த விளையாட்டைப் பற்றி ஊரில் எவருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் புதிதாக அணி சேர்க்கக் கிளம்பினால் என்ன ஆகும்?

முதலில் இடம் கிடைக்காது. கூரை உயரமாக இருக்க வேண்டும். வீசி எறிகிற பெண்ணின் தலை உத்தரத்தில் இடிக்கக் கூடாது அல்லவா? கூரை உயர்ந்த கூடங்கள் கூடைப்பந்துக்காரர்கள் கையில் இருக்கும். “நீங்கள் ஆடத்தானே போகிறீர்கள்? மூலையில் ஆடுங்களேன்” என்பார்கள். மூலையில் மெத்தை விரிக்க முடியாது. போட்டியில் விரிக்கிற மெத்தை 6 அடி அகலத்தில் ஒன்பது துண்டுகள். அதை வாங்கப் பணம் வேண்டும். வாங்கினாலும் வைக்க இடம் வேண்டும். தினமும் உருட்டி எடுக்க ஆள் வேண்டும்.

அடுத்தது வீட்டார். குட்டைப் பாவாடை, இடுப்பு தெரியும் சட்டை இவற்றை நினைத்துக்கொண்டு, “எங்கள் பெண்ணை அனுப்பமாட்டோம்” என்று சொல்வார்கள். புத்திசாலிப் பயிற்சியாளர் முதல் நாளே பெற்றோர்களை அழைத்து, கால்சட்டையும் பனியனும் போட்டுப் பயிற்சி செய்வதைக் காட்டிவிடுவார். இதில் பெற்றோர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. அவர்கள் டெலிவிஷனில் பார்த்தது அந்தப் பாவாடையைத்தானே?

ஆண் பிள்ளைகள் வருவது அதைவிடக் கஷ்டம். “பெண்கள் ஆட்டத்துக்குப் போகிறாயா?” என்று தோழர்கள் கேலி செய்வார்கள். இதில் ஒரு வேடிக்கை! இதைத் தொடங்கியவர்களே ஆண்கள்தான். 1898-ல் மினசோட்டா பல்கலைக் கழகத்தில் ஜானி காம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று கோஷம் போடவைத்தார். அதுவே ஆரம்பம். பெண்கள் வந்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போன பிறகுதான் இது பெண்கள் விளையாட்டாக மாறியது. 1948-ல் லாரன்ஸ் ஹெர்கிமர் என்பவர் டெக்சாசில் முதல் பயிற்சி முகாம் நடத்தினார். வந்தவர்கள் 52 பெண்கள், ஒரே ஒரு பையன்!

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, போட்டிக்கு எதிர் அணி இல்லாதது. தன்னைத் தவிர வேறு அணியே இல்லாத ஊரில் யாரோடு போட்டி போடுவது? மார்க் போட நடுவர் எங்கே? வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அதில்தான் ஆபத்து. வீடியோவில் உச்சியில் நிற்பவள் தெரிவாள். அந்த உச்சிக்குப் போவதற்கு முன் தரையில் கழித்த மாதங்கள் தெரியா.

டாக்டர்கள் சொன்னது

2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒரு அறிக்கை வெளியிட்டது. மற்றப் பெண்கள் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இதில் சாதாரணக் காயங்கள் குறைவுதான். ஆனால் உயிருக்கே ஆபத்தான காயங்களை எடுத்துக்கொண்டால்? உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு விளையாட்டில் ஏற்பட்ட அப்படிப்பட்ட காயங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒன்றினால் வந்தவை!

மெத்தையிலோ புல் தரையிலோ தவிர வேறு எங்கும் ஆளைத் தூக்கக் கூடாது, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் கோபுரம் கூடாது என்று டாக்டர்கள் கூறினார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: “இதை விளையாட்டு என்று அங்கீகரியுங்கள்.”

ஏன் தெரியுமா? விளையாட்டு என்று ஒப்புக்கொண்டால் பள்ளிக்கூடம் தகுதி உள்ள பயிற்சியாளரை வைக்க வேண்டும். நல்ல இடம் தர வேண்டும். அடிபட்டால் பார்க்க ஆள் இருக்க வேண்டும். வெறும் கேளிக்கை என்றால் இது எதுவும் கட்டாயம் இல்லை.

செயின்ட் லூயியில் அந்த மாணவி விழுந்த பிறகு, கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களில் மெத்தை இல்லாமல் ஆளை வீசி எறிவதற்குத் தடை வந்தது. ஒருத்தி கழுத்து முறிந்த பிறகுதான் மெத்தையின் நினைவு வந்தது.

கோர்ட்டு ஏறிய கதை

பிறந்த நாட்டிலேயே இந்த விளையாட்டுக்கு மரியாதை இல்லை என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி.

கனெக்டிகட் மாநிலத்தில் குவினிப்பியாக் என்ற பல்கலைக் கழகம் இருக்கிறது. 2009-ல் செலவைக் குறைப்பதற்காகப் பெண்கள் கைப்பந்து அணியைக் கலைப்பதாக அறிவித்தார்கள். அதற்குப் பதில் ஆரவாரப் போட்டி அணியை முழு விளையாட்டு அணியாக உயர்த்தினார்கள். விளையாட்டில் பெண்களுக்குச் சம இடம் தர வேண்டும் என்பது அமெரிக்காவில் 1972-ல் வந்த சட்டம். கைப்பந்துக்காரிகள் போனாலும் ஆரவாரக்காரிகளைக் கணக்கில் சேர்த்தால் சரியாகிவிடும் என்பது அவர்கள் வாதம்.

கைப்பந்து வீராங்கனைகளும் அவர்களுடைய பயிற்சியாளரும் சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டார்கள்.

பாவம், இரண்டு பக்கமும் பெண்கள்! ஒரு பக்கம் பிழைத்தால் இன்னொரு பக்கம் போய்விடும்.

2010 ஜூலையில் நீதிபதி ஸ்டீபன் அண்டர்ஹில் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண்களின் உழைப்பை அவர் குறை கூறவில்லை. ஆனால் எதிர் அணிகளில் ஒன்று கல்லூரி அணி, இன்னொன்று பள்ளி அணி, மற்றொன்று தனியார் கிளப். போட்டிக்குப் போட்டி மார்க் போடும் முறை மாறுகிறது. மற்ற அணிகளைப்போல் வெளியூர் சென்று ஆள் சேர்க்கவும் வழி இல்லை. ஆகவே, பின்னால் ஒரு காலத்தில் ஆகலாம்; இன்றைக்கு இது விளையாட்டு அல்ல என்றார். 2012-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. கைப்பந்து அணி பிழைத்தது.

தோற்றவர்கள் என்ன செய்தார்கள்?

அழுதுகொண்டு உட்காரவில்லை. குவினிப்பியாக், ஆரிகன், பேய்லர் உட்பட ஆறு பல்கலைக் கழகங்கள் 2010-லேயே ஒன்று சேர்ந்து சங்கம் அமைத்தன. பெயரையே மாற்றினார்கள். கோஷத்தையும் காகிதக் குஞ்சத்தையும் தூக்கி எறிந்தார்கள். குட்டைப் பாவாடை போய்க் கால்சட்டை வந்தது. இரண்டு அணிகள் நேருக்கு நேர் மோதும். ஆறு சுற்று. எல்லா ஊரிலும் ஒரே மார்க் முறை. ஆரிகனிலும், பிறகு பேய்லரிலும் பயிற்சியாளராக இருந்த பெலீசியா மல்கி என்ற பெண்மணி இதை வளர்த்ததில் முன்னணியில் நின்றார். அவருடைய அணிகள் பல முறை பட்டம் வென்றன. 2020-ல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கழகம் இதை வளர்ந்துவரும் பெண்கள் விளையாட்டுகளின் பட்டியலில் சேர்த்தது.

கோஷமும் குஞ்சமும் உள்ள பழைய ஆரவாரப் போட்டியும் சும்மா இல்லை. அதற்கான உலகச் சங்கத்தை 2021 ஜூலையில் ஒலிம்பிக் கமிட்டி முழுமையாக அங்கீகரித்தது. அதனால் ஒலிம்பிக்கில் ஆட இடம் கிடைத்துவிட்டது என்று பொருள் அல்ல. ஆனால் புதிய நாடுகளில் கூடம் கேட்டு அலைகிற பயிற்சியாளர்களுக்கு, அதிகாரியின் மேஜையில் வைக்க ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது.

குவினிப்பியாக் பல்கலைக் கழகத்தில் இன்று கைப்பந்து அணியும் இருக்கிறது. பெயர் மாறிய அந்த அணியும் இருக்கிறது.