வண்டுக்காக ஒரு விண்ணப்பம்

வண்டை விளித்துப் பாடுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. குறுந்தொகையில் இறையனார் தும்பியை அழைத்து வினாவினார். பின் வந்தோர் அதனைத் தூதும் விடுத்தனர். வண்டின் வாழ்வுக்காகப் பிறரிடம் பொருள் வேண்டி நிற்பதோ இக்காலத்தார்க்கு வாய்த்த புதுப்பணி. பாட்டு எழுதுவதிலும் அந்த விண்ணப்பத்தை எழுதுவது கடினம் என்பதை, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் நிகழ்ந்த ஒரு முயற்சி நமக்கு உணர்த்துகின்றது.

பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும் உயிர்கள் கூலி கேட்பதில்லை. ஆதலால் அவற்றின் உழைப்பு எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. அக்கணக்கை எழுத முனைந்த பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று 2016ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. உலகின் முதன்மையான உணவுப் பயிர்வகைகளுள் முக்காற் பங்குக்கு மேற்பட்டவை ஓரளவேனும் இவ்வுயிர்களை நம்பியுள்ளன என்றும், அவற்றின் துணையால் ஆண்டுதோறும் கிடைக்கும் விளைவின் பெறுமதி 23,500 கோடி முதல் 57,700 கோடி அமெரிக்க டொலர் வரை ஆகும் என்றும் அது மதிப்பிட்டது. இத்தகைய பேரெண்கள் நிதி வழங்குவோரின் செவியைத் திறக்கும். ஆனால், "இந்த ஊரில், இந்த வயலில், நீர் செய்யப்போவது யாது?" என்று அவர் கேட்கும்போது அவை விடையாகமாட்டா.

இனி, அந்த ஆங்கில வரலாற்றுக்கு வருவோம். நம்மவர்க்கு அவ்வளவு பழக்கமில்லாத பம்பிள் வண்டு, தேனீயின் உறவினம். உடல் பருத்தது, மயிர் அடர்ந்தது. அதன் நீண்ட நாக்கு, தேனீக்கு எளிதில் எட்டாத ஆழ்ந்த பூக்களிலும் தேனைத் தேடும். நியூசிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர், கால்நடைத் தீவனமான செங்குளோவர் என்னும் பூண்டை அங்கே பயிரிட்டனர். பூத்தது, ஆயினும் போதிய விதை கட்டவில்லை. ஆகவே 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பம்பிள் வண்டின் ராணிகள் குளிரூட்டிய கப்பலில் அனுப்பப்பட்டன. நான்கு இனங்கள் அங்கே நிலைபெற்றன. அவற்றுள் ஒன்று குட்டைமயிர்ப் பம்பிள் வண்டு.

சென்ற இடத்தில் அது வாழ்ந்தது. பிறந்த மண்ணில் அழிந்தது. 1930ஆம் ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தும் வேல்சும் தம் பூ நிறைந்த புல்வெளிகளில் நூற்றுக்கு 97 பங்கை இழந்தன. உழவும் செயற்கை உரமும் பூப்பதற்கு முன்னரே புல்லை அறுக்கும் வழக்கமும் அவற்றை விழுங்கின. 1988ஆம் ஆண்டில் கென்ற் பகுதியிலுள்ள டன்ஜனெஸ் என்னுமிடத்தில் இவ்வண்டு இறுதியாகக் காணப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நாட்டில் அற்றுப்போனதென அறிவிக்கப்பட்டது.

இதனை மீட்க அரசின் இயற்கைப் பேணல் நிறுவனமும் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் 2006ஆம் ஆண்டில் தோன்றிய பம்பிள் வண்டுப் பாதுகாப்பு அமைப்பும் கைகோத்தன. நியூசிலாந்துக்குச் சென்ற வண்டின் வழித்தோன்றல்களையே திரும்பக் கொணர்வது முதற்கருத்து. பேரன் தாயகம் மீளும் இக்கதையைக் கேட்டு மனம் இளகாதார் யார்? ஆயின் அவ்வண்டுகள் மிகச் சில ராணிகளின் வழிவந்தவை; இருநாட்டுப் பருவங்களும் தலைகீழானவை. வளர்ப்பு முயற்சி பலிக்கவில்லை. பின்னர் சுவீடனின் தென்பகுதியிலிருந்து கொணர்ந்த ஏறக்குறைய 50 ராணிகள் 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் டன்ஜனெஸில் விடப்பட்டன. மறு ஆண்டில் வேலைக்கார வண்டுகளும் காணப்பட்டன. மேலும் பலமுறை ராணிகள் விடப்பட்டும் அவ்வினம் அங்கே வேரூன்றவில்லை.

அப்படியானால் செலவிட்ட பொருள் வீணாயிற்றா? இதுவே நாம் நின்று சிந்திக்கவேண்டிய இடம். வண்டை விடுமுன் அதற்கு உணவு வேண்டும். எனவே பணியாளர் அயலிலுள்ள உழவர்களை அணுகி, பூந்தரை அமைப்பார்க்கு அரசு வழங்கும் மானியத்தைப் பெறவும் வழிகாட்டினர். நூற்றுக்கணக்கான ஹெக்டேயர் நிலம் பூக்களால் நிறைந்தது. அழைத்த விருந்தாளி தங்கவில்லை. ஆனால் அப்பகுதியில் நெடுநாளாகக் காணப்படாதிருந்த வேறு அரிய பம்பிள் வண்டினங்கள் மீண்டும் தோன்றின.

ஓர் இனத்தின் பெயரை மட்டும் எழுதி, "இது நிலைபெற்றதா?" என்று கேட்கும் கணக்கேட்டில் இம்முயற்சி தோல்வி. நிலத்தைப் பார்க்கும் கணக்கேட்டில் வெற்றி. இரண்டும் உண்மையே. நிதி தருபவர் எண்ணிக்கை கேட்பதில் தவறில்லை. பிறர் பொருளைப் பெறுவோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். ஆனால் எதனை எண்ணுவது என்பதை முதலிலேயே விண்ணப்பத்தில் எழுதிவிடல் வேண்டும். உருக்கமான கதை கதவைத் திறக்கும். கதை பொய்த்தாலும் நிலைக்கக்கூடிய பணி எது என்பதையும் அதே தாளில் எழுதுவதே நேர்மை. வண்டு வருமென்று எவராலும் உறுதி கூற முடியாது. பூவை நடுவோம், நச்சு மருந்தைக் குறைப்போம், கூடு கட்ட இடம் விடுவோம், வருவனவற்றைப் பணிக்கு முன்னும் பின்னும் எண்ணுவோம் என்று உறுதி கூறலாம்.

பலர் செய்யும் மற்றொரு பிழையும் உண்டு. தேன்கூட்டுப் பெட்டிகள் வாங்கப் பணம் கேட்டு, அதனையே வண்டுகளின் பாதுகாப்பு என்பர். தேனீ வளர்ப்பு நல்ல தொழிலே. ஆனால் பூக்கள் குறைந்த இடத்தில் பெட்டிகளைப் பெருக்கினால், காட்டு வண்டுகளின் உணவுக்கு அவை போட்டியாகிவிடலாம்.

உலகச் சுற்றாடல் வசதியின் சிறுமானியத் திட்டம் நம் நாட்டிலும் ஊர்ச் சங்கங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் உதவி வந்துள்ளது. அத்தகைய வாயிலைத் தட்ட எண்ணும் ஆசிரியர் ஒருவர், தாளைத் தொடுமுன் தம் மாணவரோடு பாடசாலை வேலியருகே சென்று நிற்கட்டும். எந்தப் பூவுக்கு எந்த உயிர், எந்த வேளையில் வருகின்றது என்று ஓராண்டு எழுதி வைக்கட்டும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. அந்தக் குறிப்பேடே விண்ணப்பத்தின் முதற்பக்கம். பணம் கிடையாதொழியினும் அவ்வறிவு ஊரின் உடைமையாய் எஞ்சும்.