இரவல் கோடாரியால் காட்டில் சொந்த வீடு கட்டிய பட்டதாரி!

மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். மிஷின் ஒன்றுகூடக் கிடையாது

சென்னை ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில் தினமும் எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். கடற்கரை சாலையில் வளைந்து நிற்கும் அந்தப் பழைய கட்டடத்துக்கு இன்றைய பெயர் விவேகானந்தர் இல்லம். 1897-ம் ஆண்டு விவேகானந்தர் அங்கே தங்கினார்.

ஆனால் 1842-ம் ஆண்டு அதைக் கட்டியது ஐஸ் கட்டிக்காக!

அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் ஏரி, குளம் எல்லாம் உறைந்து பாறையாகிவிடும். பாஸ்டன் நகர வியாபாரி பிரடெரிக் டியூடர் அதைப் பாளம் பாளமாக அறுத்தார். மரத்தூள் போட்டு மூடினார். கப்பலில் ஏற்றி மதராசுக்கு அனுப்பினார். அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கட்டடம்.

அந்தக் காலத்தில் ஐஸ் வெட்ட ஆள் இறங்கிய குளங்களில் ஒன்று வால்டன் குளம். பாஸ்டனிலிருந்து சுமார் 20 மைல். கான்கார்டு என்ற ஊருக்குப் பக்கம்.

அந்தக் குளக்கரையில்தான் 1845-ம் ஆண்டு ஒரு வாலிபர், கைக்கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு குடில் கட்டிக் குடியேறினார்.

யார் இந்த வாலிபர்?

பெயர் ஹென்றி டேவிட் தோரோ. வயது 27. ஹார்வர்டில் படித்துப் பட்டம் வாங்கியவர். அப்பா பென்சில் செய்து விற்கிறவர். மகன் கொஞ்ச நாள் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு பென்சில் பட்டறை.

1842-ம் ஆண்டு ஜனவரியில் அந்தக் குடும்பத்தில் இடி விழுந்தது. அண்ணன் ஜான் சவரக் கத்தியைத் தீட்டும்போது விரலில் சின்னக் கீறல். அதுவே ரணஜன்னி ஆகிவிட்டது. சில நாளில் தம்பியின் கையிலேயே உயிர் போயிற்று.

அண்ணனும் தம்பியும் 1839-ம் ஆண்டு தாங்களே கட்டிய படகில் ஆற்றுப் பயணம் போனவர்கள். அதைப் புத்தகமாக எழுதி முடிக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. வீட்டிலோ அம்மா ஆள் வைத்துச் சாப்பாடு போடுகிறவர். எந்நேரமும் கூட்டம், சத்தம். எங்கே உட்கார்ந்து எழுதுவது?

எழுத ஓர் இடம் வேண்டும். கையில் காசு இல்லை. தோரோ காட்டுக்குப் போனார்.

காடு என்றால் புலி, கரடி உள்ள காடு அல்ல. வீட்டிலிருந்து ஒன்றரை மைல்தான். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு நடப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பக்கத்திலேயே ரயில் பாதை. நிலம் எழுத்தாளர் எமர்சனுடையது. நண்பர் என்பதால் வாடகை கேட்கவில்லை.

முதல் வேலை: கடன்

1845 மார்ச் மாதக் கடைசி. குளத்தில் பனி முழுசாகக் கரையவில்லை. தோரோ செய்த முதல் காரியம், ஒரு கோடாரியை இரவல் வாங்கியது.

கொடுத்தவருக்கு அந்தக் கோடாரி கண்ணின் மணி மாதிரி. "வாங்கினதைவிடக் கூர் தீட்டித் திருப்பிக் கொடுத்தேன்" என்று தோரோ பின்னால் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

கரையில் இருந்த இளம் பைன் மரங்களை வெட்டிச் சாய்த்தார். முக்கியமான உத்திரங்களை ஆறங்குல சதுரமாகச் செதுக்கினார். சுவர்க் கால்களை இரண்டு பக்கம் மட்டும் செதுக்கினார். கைமரங்களுக்கும் தரைக் கட்டைகளுக்கும் ஒரே பக்கம்தான் செதுக்கல். மற்றப் பக்கம் பட்டையோடு விட்டுவிட்டார். வேலை பாதி மிச்சம். ரம்பத்தில் அறுத்ததற்குக் குறையாத நேர். பலமோ அதைவிட அதிகம்!

கட்டைகளை இணைத்தது எப்படி? ஒரு கட்டையில் துளை. மறு கட்டையின் முனையில் நாக்கு. துளையில் நாக்கைச் செருகி அடித்தால் இறுகிக்கொள்ளும். நம் ஊர்த் தச்சர்கள் கதவு நிலை கூட்டுகிற அதே முறைதான். அதற்குள் வேறு சில கருவிகளையும் இரவல் வாங்கிவிட்டார்.

ஒருநாள் கோடாரி காம்பிலிருந்து கழன்றுவிட்டது. பச்சை மரம் வெட்டி ஆப்பு செய்தார். கல்லால் ஆப்பு அடித்தார். பிறகு குளத்துத் தண்ணீரில் ஊறப் போட்டார். மரம் ஊறி உப்பினால் கோடாரி ஆடாது. மண்வெட்டி ஆடினால் நம்ம வீட்டுப் பெரியவர்கள் தொட்டித் தண்ணீரில் போட்டு வைப்பார்களே, அதேதான்!

மத்தியானச் சாப்பாடு ரொட்டியும் வெண்ணெயும். அதைப் பொட்டலம் கட்டிய பேப்பரையும் விடமாட்டார், சாப்பிட்டுக்கொண்டே படித்துவிடுவார். கையெல்லாம் பைன் பிசின். ரொட்டியிலும் அந்த வாசனை ஏறிவிடும்.

குடிசை விலை நாலேகால் டாலர்

ஏப்ரல் நடுவில் சட்டம் தயார். பலகைக்கு எங்கே போவது? மரம் அறுக்கும் ஆலையில் விலை அதிகம்.

ரயில் பாதை போட வந்த அயர்லாந்துக் கூலித் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் குடிசை போட்டிருந்தார். பெயர் ஜேம்ஸ் காலின்ஸ். பாதை வேலை முடிந்துவிட்டது. குடிசை விலை நாலேகால் டாலர் என்று பேச்சு முடிந்தது. ராத்திரி பணம், விடியற்காலை 5 மணிக்குக் காலி!

6 மணிக்கு அந்தக் குடும்பம் தோரோவுக்கு எதிரே ரோட்டில் நடந்து வந்தது. கட்டில் சாமான், காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின், கண்ணாடி, கோழிகள். ஒரே மூட்டையில் மொத்தக் குடித்தனமும் அடக்கம். பூனை மட்டும் கூட வரவில்லை. காட்டுக்குள் ஓடிப்போய், கடைசியில் யாரோ வைத்த பொறியில் மாட்டிச் செத்தது.

ஒருவர் வீடு கட்ட, இன்னொரு குடும்பம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. இதையும் தோரோ மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அன்று காலையே குடிசையைப் பிரித்தார். ஆணிகளைப் பிடுங்கினார். பலகைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் குளக்கரைப் புல்லில் வெயிலில் பரப்பினார். கோணல் நிமிர வேண்டுமே!

வண்டி போய் வருகிற நேரத்தில் பக்கத்துக் குடிசைக்காரர் ஒருவர், நேராக இருந்த நல்ல ஆணிகளைப் பார்த்துப் பார்த்துச் சொந்தப் பையில் போட்டுக்கொண்டார். எந்த ஊரானாலும் ஆசாமிகள் ஒன்றுதான்!

இரண்டு மணி நேரத்தில் பள்ளம்

மேட்டுச் சரிவில் ஆறடிக்கு ஆறடி, ஏழடி ஆழம். உருளைக்கிழங்கு பனியில் உறையாமல் வைக்க ஒரு நிலவறை. மணல் மண் என்பதால் இரண்டே மணி நேரத்தில் தோண்டி முடித்தார்.

மே மாதம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு கை கொடுத்து மரச்சட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஜூலை 4-ந்தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, புதுமனை புகுவிழா!

அப்போது சுவரில் பூச்சு இல்லை. அடுப்புப் புகைபோக்கியும் இல்லை. சமையல் வெளியில்தான். மழை வந்தால் நெருப்புக்கு மேலே நாலு பலகையைச் சாய்த்துக்கொள்வார். குளக்கரைக் கற்களைக் கையாலேயே மேட்டுக்குத் தூக்கி வந்து அடித்தளம் போட்டிருந்தார். குளிருக்கு முன்னால் அதன்மேல் செங்கல் புகைபோக்கியைக் கட்டினார். உள்ளே சுண்ணாம்புப் பூச்சும் முடிந்தது.

வீட்டின் அளவு 15 அடிக்கு 10 அடி. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு எழுதும் மேஜை, மூன்று நாற்காலி. அவ்வளவுதான் குடித்தனம்.

பைசா சுத்தமாகக் கணக்கு

பலகை: 8 டாலர் 3½ சென்ட்
கூரைக்கும் சுவருக்கும் கழிவு மரத் தகடு: 4 டாலர்
ரீப்பர்: 1 டாலர் 25 சென்ட்
பழைய ஜன்னல் இரண்டு, கண்ணாடியோடு: 2 டாலர் 43 சென்ட்
பழைய செங்கல் ஆயிரம்: 4 டாலர்
சுண்ணாம்பு இரண்டு பீப்பாய்: 2 டாலர் 40 சென்ட்
சாந்தில் கலக்க ரோமம்: 31 சென்ட்
அடுப்புக்கு மேல் இரும்பு: 15 சென்ட்
ஆணி: 3 டாலர் 90 சென்ட்
கீல், திருகாணி: 14 சென்ட்
தாழ்ப்பாள்: 10 சென்ட்
சாக்குக்கட்டி: 1 சென்ட்
வண்டிக் கூலி: 1 டாலர் 40 சென்ட்
மொத்தம்: 28 டாலர் 12½ சென்ட்

சுண்ணாம்பு விலை ஜாஸ்தி என்றும், ரோமம் தேவைக்கு மேல் வாங்கிவிட்டோம் என்றும் குறிப்பு வேறு! நிறையச் சாமானை முதுகிலேயே சுமந்துவிட்டதால் வண்டிக் கூலி மிச்சம். மரம், கல், மணல் எல்லாம் கரையிலேயே கிடைத்தன.

அப்போது கூலியாளின் ஒரு நாள் சம்பளத்தை ஒரு டாலர் என்று கணக்குப் போட்டார். அப்படியானால் இந்த வீட்டின் விலை 28 நாள் கூலி. அதே ஊரில் சாதாரண வீடு 800 டாலர். கூலியாள் ஒருவர் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தாலும் 10 முதல் 15 வருஷம் ஆகும். ஹார்வர்டு மாணவர் ஓர் அறைக்கு வருஷ வாடகை மட்டும் 30 டாலர் கொடுத்தார்.

"வீடு கட்டி முடித்தபோது வீட்டுக்காரன் பணக்காரன் ஆகவில்லை; ஏழையாகிவிட்டான்" என்பதே தோரோ சொன்னதன் சாரம். மாசாமாசம் தவணை கட்டுகிறவர்களுக்கு இது புரியாமல் போகாது.

வருஷத்தில் ஆறு வாரம் கூலி வேலை செய்தால் தன் செலவுக்குப் போதும் என்றும் கணக்குக் காட்டினார். ஒன்றுதான்: அவர் தனிக்கட்டை. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நிலத்துக்கு வாடகையும் கிடையாது. அம்மா வீடு கூப்பிடு தூரம். அடிக்கடி போய்ச் சாப்பிட்டும் வருவார்.

300 ஏக்கர் சாம்பல்

காட்டில் முகாம் போட ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடில் கட்டுவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1844 ஏப்ரலில், இதே தோரோ நண்பருடன் மீன் சமைக்கக் காட்டில் தீ மூட்டினார். காய்ந்த புல்லில் பொறி பட்டது. 300 ஏக்கருக்கு மேல் எரிந்து சாம்பலாயிற்று. ஊரார் கோபம் வருஷக்கணக்கில் தீரவில்லை.

செருப்புக்காகப் போனவர் சிறையில்

1846 ஜூலையில் ஒருநாள், செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்ததை வாங்க ஊருக்குள் போனார். வரி பாக்கிக்காகப் பிடித்துக்கொண்டார்கள். அடிமை முறையை ஆதரிக்கிற அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்பது அவர் கட்சி. ஒரு ராத்திரி சிறை. வேறு யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் விடுதலை.

அதை வைத்து அவர் எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்திஜி படித்தார். 1907-ம் ஆண்டு தமது "இந்தியன் ஒப்பீனியன்" பத்திரிகையில் அதைப் பற்றி வெளியிட்டார்.

மதராசின் பெயர்

1846-47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்துக்காரர்கள் வந்து வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டினார்கள். கரையில் மலைபோல் குவித்து வைக்கோல் போட்டு மூடினார்கள். அதில் பெரும்பகுதி எங்கேயும் போகாமல் கரைந்து, குளத்துக்கே திரும்பிவிட்டது. ஆனாலும் மதராஸ், பம்பாய், கல்கத்தாக்காரர்கள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று தோரோ ஊர்ப் பெயர் சொல்லி எழுதினார்.

பிறகு வீடு என்ன ஆயிற்று?

1847 செப்டம்பர் 6-ந்தேதி தோரோ குடிலை விட்டுக் கிளம்பினார். இரண்டு வருஷம், இரண்டு மாதம், இரண்டு நாள் வாசம். அண்ணன் நினைவாக எழுதிய புத்தகம் 1849-ல் வந்தது. ஆயிரம் பிரதியில் 700-க்கு மேல் விற்காமல் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. குடில் வாழ்க்கையைச் சொல்லும் "வால்டன்" 1854-ல் வந்தது. அதுதான் உலகப் புகழ் பெற்றது. காச நோயால் 1862-ல் இறந்தபோது அவருக்கு வயது 44.

குடில் கை மாறியது. ஒரு விவசாயி தானியம் கொட்டி வைத்தார். 1868-ல் பிரித்து, பலகையை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1945-ம் ஆண்டு ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் தோண்டிப் பார்த்து, புகைபோக்கியின் அடித்தளக் கற்களைக் கண்டுபிடித்தார்.

பலகை போயிற்று. கண்ணாடி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் போயிற்று. காசு கொடுக்காமல் குளக்கரையிலிருந்து கையால் சுமந்து வந்த கல் மட்டும் அங்கேயே இருந்தது!