ஊரை விட்டுப் போ! – ஆணையும் ஆராய்ச்சியும்

குற்றம் செய்தவனைச் சிறையில் அடைப்பது நாம் அறிந்த நீதிமுறை. ஆனால், நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளிக்காத ஒருவனைக்கூட, “இந்த மாவட்டத்தில் கால் வைக்காதே” என்று வெளியேற்றும் அதிகாரமும் நம் நாட்டில் உண்டு. மும்பை மக்கள் இதனைத் ‘தடீபார்’ என்பர். தமிழகம் அறிந்த 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம் ஆளை உள்ளே வைக்கிறது. இதுவோ ஆளை ஊருக்கு வெளியே வைக்கிறது.

1951ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் காவல் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவனது நடமாட்டம் பிறருக்கு அச்சமோ கேடோ விளைவித்தால், 56ஆம் பிரிவின்படி அவனை வெளியேற்றலாம். அவன் வன்முறையில் ஈடுபடுகிறான் என்று நம்ப இடமிருந்து, சாட்சிகள் அஞ்சி முன்வர மறுத்தாலும் வெளியேற்றலாம். உச்சவரம்பு இரண்டு ஆண்டுகள். ஆணைக்கு முன் அறிவிப்புத் தந்து, அவன் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 59ஆம் பிரிவு.

இத்தகைய அதிகாரம் எதற்கு? கடைவீதியில் கத்தியைக் காட்டி மாமூல் பறிப்பவனுக்கு எதிராக எந்தக் கடைக்காரர் கூண்டேறுவார்? இந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 1952, 1956 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய பிரிவுகளைச் செல்லும் என்றே கூறியது. ஆயினும் நாடெங்கும் நடமாடும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு நமக்கு அளித்திருக்கிறதே! அதைக் குறைப்பதானால் நியாயமான அளவிலேயே குறைக்க வேண்டும்.

எனவே, ஆணை நீதிமன்றத்துக்கு வரும்போது, “இவன் நல்லவனா, கெட்டவனா?” என்று நீதிபதிகள் ஆராய்வதில்லை. முறைப்படி அறிவிப்புத் தரப்பட்டதா? ஆணைக்கு ஆதாரம் இருந்ததா? அதிகாரி மனம் செலுத்தி முடிவு செய்தாரா? இவையே கேள்விகள்.

கேள்விகள் எளியவை, ஆனால் கூர்மையானவை. ஒருவன் குண்டன்தானா என்று முதலில் முடிவு செய்ய வழிவகுக்காத மத்திய மாகாணக் குண்டர் சட்டத்தின் பிரிவுகள் 1960இல் வீழ்ந்தன. 1980இல் தில்லியிலிருந்து வந்த ஒரு வழக்கில், போலீசாரின் வெறும் அச்சம் போதாது, நம்பத்தக்க ஆதாரம் வேண்டும் என்று நீதியரசர் கிருஷ்ணய்யர் வலியுறுத்தினார். தொடர்ந்து போலீசுக்குச் சாட்சி சொல்ல மறுத்ததாலேயே தன்னை வெளியேற்ற முயல்கின்றனர் என்பது அந்த வழக்கைத் தொடுத்தவரின் முறையீடு!

2022இல் ஜால்னா மாவட்ட வழக்கொன்றில், 2013, 2018ஆம் ஆண்டுகளின் வழக்குகள் பழையவை என ஒதுக்கப்பட்டன. இரண்டு ஆண்டு முழுவதற்கும் விலக்கி வைத்ததற்கு அதிகாரி காரணமே காட்டவில்லை. சொந்த வீட்டில் குடும்பத்தோடு வாழவும் பிழைப்பு நடத்தவும் இயலாமற் செய்யும் இவ்வதிகாரத்தை அரிதாகவே கையாள வேண்டும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் ஆணையை நீக்கியது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். அந்த ஆணை பிறந்தது 2020 டிசம்பரில்; வீழ்ந்தது 2022 ஜனவரியில். இடையே கழிந்தவை பதின்மூன்று மாதங்கள். நீதிமன்றம் பிழையான ஆணையை நீக்கலாம். கழிந்த நாட்களை யார் திருப்பித் தருவார்? ஆகவே, நீதிபதி பின்னால் கேட்கப்போகும் கேள்விகளை, கையெழுத்திடும் அதிகாரி முன்னரே தம்மைத்தாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாளை அத்தகைய நாற்காலிகளில் நம்மில் சிலரும் அமரக்கூடும், நண்பர்களே!