ஒரு மாதம் வந்து போகும் அக்காக்கள்!

தூத்துக்குடியிலிருந்து சுமார் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பாளையங்கோட்டை. இங்குள்ள காது கேளாதோர் பள்ளிக்கு பிளாரன்ஸ் சுவேன்சன் என்று பெயர். இங்கிலாந்தின் மிஷன் அமைப்பு ஒன்று அனுப்பிய ஆசிரியை அவர். 1897-ல் பள்ளியைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் இங்கேயே இருந்து நடத்தினார்.

இன்றும் வெளிநாட்டிலிருந்து சேவை செய்ய வருகிறார்கள், காலேஜ் லீவில் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று. நல்ல மனசுதான். ஆனால், இ-டூரிஸ்ட் விசாவில் சம்பளமில்லாத சேவைக்கு அனுமதி அதிகபட்சம் ஒரு மாதமே. காது கேளாத சிறுமியின் சைகை பிடிபடவே அது பத்தாது. அவள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அக்கா ஃப்ளைட் ஏறிவிடுவார். அடுத்த பேட்ச்சில் இன்னொரு புது முகம். ஏற்கெனவே அப்பா, அம்மாவைப் பிரிந்த பிள்ளை அவள்.

இதைவிட மோசமும் உண்டு. நேபாளத்திலும் கம்போடியாவிலும், பெற்றோர் உள்ள பிள்ளைகளையே அநாதைகளாகக் காட்டி வெளிநாட்டினரிடம் பணம் பார்த்த கதைகள் அம்பலமாயின. 2019-ல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இதுபற்றிப் பேசியது.

உதவ நினைப்பவர்கள், நம் வெளிநாட்டுச் சொந்தங்களும் சேர்த்துத்தான், முதலில் கேட்க வேண்டியது ஒன்று: இல்லம் 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றதா? அடுத்தது செல்ஃபி. இல்லத்துப் பிள்ளைகளை அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. விமான டிக்கெட் காசில், அங்கேயே வேலை பார்க்கும் சைகை மொழி டீச்சரின் சம்பளத்துக்குக் கொடுக்கலாம். அவர் அடுத்த மாதமும் இருப்பார். எந்த இல்லத்திலாவது ஏதோ சரியில்லை என்று தோன்றினால், 1098-க்கு போன் போடுங்கள்.