வாட்டும் ஓமும்

ஒலிபெருக்கியின் சரித்திரத்திலே ஒரு வேடிக்கை உண்டு. காகிதக் கூம்பின் அடியில் ஒட்டிய கம்பிச்சுருளைக் காந்தத்தின் இடுக்கில் ஆடவிட்டுச் சப்தத்தை எழுப்புகிற, இன்றளவும் வீடுதோறும் நாம் காண்கிற அந்த அமைப்பை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டபோது, அதனை ஆட்டிவைக்கத் தக்க சக்தி அக்காலத்து ரேடியோப் பெட்டிகளில் இல்லை; ஆகவே மறு ஆண்டில் ‘ரேடியோலா 104’ என்ற பெயருடன் அது கடைக்கு வந்தபோது, ஒரு வாட் அளவே சக்தி தரக்கூடிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் அதே பெட்டிக்குள் வைத்தே விற்றார்கள். எந்த ஒலிபெருக்கிக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் என்ற பிரச்சினையே வாங்குபவருக்கு எழவில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஹை-ஃபை என்னும் ரசனை பரவி, ஆம்ப்ளிஃபயரை ஓரிடத்திலும் ஒலிபெருக்கியை வேறோரிடத்திலும் வாங்கி வீட்டில் சேர்த்துவைத்துக் கேட்கும் வழக்கம் ஏற்பட்ட பிறகுதான் அந்தப் பிரச்சினை அவர் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது இன்னும் இறங்கவில்லை.

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்கிற கேள்வி, “இது எத்தனை வாட்?” என்பது. அதற்குக் கிடைக்கும் பதில் எத்தகையது என்பதற்கு, நம் நாட்டுக் கடைகளில் ஒரு காலத்தில் கோலோச்சிய பி.எம்.பி.ஓ. என்ற கணக்கு ஒன்றே போதும்: சுவரிலிருந்து முப்பது நாற்பது வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கவே இயலாத சிறு பெட்டியின் முகப்பில் ‘1000 வாட்’ என்று வெள்ளி எழுத்தில் பொறித்திருப்பார்கள்; கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பங்கில் என்ன நிகழ்கிறதென்று தயாரிப்பாளர் மனத்தில் கற்பித்துக்கொண்ட தொகை அது. எட்டு ஓம் சுமையில், இரண்டு சேனல்களும் ஒருங்கே இயங்க, தொடர்ச்சியாகத் தரக்கூடிய வாட் எத்தனை, அப்போது சப்தத்தில் சேரும் திரிபு எத்தனை சதவீதம் என்று குறிப்பிடாத எந்த எண்ணையும் எண்ணாகவே மதிக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். அப்படி ஒழுங்காகச் சொல்லப்பட்ட வாட் கூட, பாதி விஷயந்தான். மற்றப் பாதி ஒலிபெருக்கியிடம் இருக்கிறது.

ஒலிபெருக்கியைப் போன்ற ஊதாரிச் சாதனம் வீட்டிலே வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். அதற்குள் செலுத்தும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கு சப்தமாக வெளிவந்தால் அது நல்ல பயன்திறன் உடையது. அநேகமானவற்றில் அந்த ஒரு பங்கும் வருவதில்லை. எஞ்சியது முழுவதும் கம்பிச்சுருளில் வெப்பமாகித் தீர்கிறது. எந்த ஒலிபெருக்கி எவ்வளவு ஊதாரி என்பதைத் தெரிந்துகொள்ள அதன் உணர்திறனைப் பார்க்க வேண்டும்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் என்ற கணக்கு அது. வீடுகளில் சாதாரணமாகக் காணப்படுவது 87 டெசிபெலை ஒட்டியிருக்கும். இத்தகைய ஒரு ஜதைக்குத் தலைக்கு ஒரு வாட் கொடுத்து, மூன்று மீட்டர் தள்ளி நாற்காலியில் அமர்ந்து கேட்டால், 80 டெசிபெலுக்கு மேல் காதில் விழும். அண்டை வீட்டார் கவனிக்கத் தொடங்கும் அளவு அது. அப்படியானால் ஒரு வாட்டே போதாதா என்று வினவலாம். சராசரிக்குப் போதும். ஆனால் சங்கீதம் சராசரியில் வாழ்வதில்லை. தம்பூராவின் சுருதி ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்க, அதன்மீது மிருதங்கத்தின் ஒரு தட்டு சராசரிக்குப் பதினெட்டு டெசிபெல் மேலே எழும்பி மறையுமானால், அந்த ஒரு கணத்துக்கு 63 மடங்கு சக்தி வேண்டும். டெசிபெல்லின் இயல்பு அது: மூன்று ஏறினால் வாட் இரட்டிக்கும், பத்து ஏறினால் பத்து மடங்காகும்; காதுக்கோ அந்தப் பத்து மடங்கும் ஏறக்குறைய இருமடங்கு உரப்பாகத்தான் தோன்றும். ஐம்பது வாட் ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டு, கடன்பட்டு நூறு வாட் வாங்குகிறவர், தாம் பெற்ற லாபம் மூன்றே டெசிபெல் என்பதை அறிந்தால் வருந்துவார்.

அதே மூன்று டெசிபெலை ஒலிபெருக்கியிடம் பெறுவது எளிது. அமெரிக்காவின் ஆர்க்கன்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள ஹோப் என்ற சிற்றூரில் 1946-ஆம் ஆண்டு முதல் பால் கிளிப்ஷ் செய்துவந்த கிளிப்ஷார்ன் என்ற ஒலிபெருக்கி, அறையின் மூலைச் சுவர்களையே தன் குழலின் தொடர்ச்சியாகக் கொண்டு, ஒரு வாட்டுக்கு 104 டெசிபெல் தருவது. 87-க்கும் 104-க்கும் உள்ள பதினேழு டெசிபெல் ஐம்பது மடங்கு சக்திக்குச் சமம்; மிருதங்கத்தின் தட்டுக்கு முன்னது 63 வாட் கேட்டால், பின்னதற்கு ஒன்றேகால் வாட் போதும். ஆனால் அது ஓர் அலமாரி அளவு பெரிது. அதற்கு நேர்மாறான மார்க்கத்தில் 1954-இல் மாஸச்சூஸெட்ஸில் எட்கர் வில்ச்சர் என்பவர், காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, ஏ.ஆர்.-1 என்ற ஒலிபெருக்கியில் ஆழ்ந்த மந்தர ஸ்வரங்களை வரவழைத்துக் காட்டினார். கொடுத்த விலை பயன்திறன். பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் புதல்வரும், தாமே ஒலிபெருக்கித் தொழிலில் ஈடுபட்டவருமான ஆன்டன் ஹாஃப்மன் இதனை விதியாகவே வகுத்தார்: சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், உயர்ந்த பயன்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் பெறலாம். நடுக்கூடத்து அலமாரித் தட்டில் அடங்கும் பெட்டியிலிருந்து மந்தரமும் வேண்டும் என்று விரும்பியவர்கள் மூன்றாவதைத் துறந்தார்கள். துறந்ததை ஈடுசெய்ய ஆம்ப்ளிஃபயர்கள் பருத்தன. பெரிய வாட்டின் பூர்வ கதை இதுவே.

இனி மின்மறுப்பின் அளவாகிய ஓம் பற்றி. எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு எட்டு ஓம் ஆம்ப்ளிஃபயர், இரண்டும் சமமானால்தான் முழுச் சக்தியும் கைமாறும் என்ற நம்பிக்கை, கற்றவர்களிடத்திலும் வேரூன்றியிருக்கிறது. வால்வுகளின் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1947-இல் இங்கிலாந்தின் ‘ஒயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்டு, உலகமெங்கும் ஆர்வலர்கள் தம் கையாலேயே கட்டிக்கொண்ட 15 வாட் ஆம்ப்ளிஃபயரில், கே.டி.66 என்ற வால்வு ஜோடி தன்முன் 10,000 ஓம் சுமை இருப்பதையே விரும்பியது. ஒலிபெருக்கியோ எட்டோ பதினைந்தோ ஓம் உடையது. இவ்விரண்டுக்கும் இடையே, முப்பத்தைந்து சுற்றுக்கு ஒரு சுற்று என்ற விகிதத்தில் கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால், சுற்றுகளின் விகிதம் வர்க்கமாகி, எட்டு ஓம் வால்வின் கண்ணுக்குப் பத்தாயிரமாகத் தோன்றும். வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் முதுகில் 4, 8, 16 என்று திருகுகள் இருப்பது இதனால்தான். அங்கே தவறான திருகில் மாட்டினால் சக்தி குறைந்து திரிபு மிகும். ஒலிபெருக்கியை மாட்டாமலே அதனை உரக்க இயக்கினால் டிரான்ஸ்ஃபார்மரே பழுதாகக்கூடும்.

டிரான்ஸிஸ்டர் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளீட்டிலே கழித்துவிடும் எதிர்ப்பின்னூட்டம் என்ற தத்துவத்தை, பெல் ஆய்வுக்கூடத்தின் ஹரால்ட் பிளாக் 1927-இல் வேலைக்குச் செல்லும் வழியில், ஹட்ஸன் நதியைக் கடக்கும் படகில் அமர்ந்தே கண்டுபிடித்தார். அதனைத் தாராளமாகப் பிரயோகிக்கும் இக்கால ஆம்ப்ளிஃபயரின் உள்மறுப்பு ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதாவது அது எட்டு ஓமுக்கு ‘சமமாக’ இருப்பதே இல்லை. இருந்தால், உற்பத்தியாகும் சக்தியில் சரிபாதி அதன் வயிற்றுக்குள்ளேயே வெந்துபோகும். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி, கீழே திறந்திருப்பது ஒரு குழாயா இரண்டா என்று பாராமல் ஒரே அழுத்தத்தைக் கொடுப்பதைப்போல, அது கேட்ட வோல்ட்டைக் கொடுக்கிறது. எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை ஒலிபெருக்கி தீர்மானிக்கிறது. 2.83 வோல்ட் எட்டு ஓமில் ஒரு வாட்; அதுவே நாலு ஓமில் இரண்டு வாட். ஆகையால் எட்டு ஓமில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் நாலு ஓமில் 100 தரவேண்டும். 55 மட்டுமே தருமானால் அதன் பவர் சப்ளை மெலிந்தது என்று பொருள். விளம்பரத் தாளில் நான் முதலில் தேடுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

ஏனெனில் ஒலிபெருக்கியின் ‘எட்டு ஓம்’ ஒரு மரியாதைப் பட்டம். உண்மையில் அதன் மின்மறுப்பு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மாறும்: சுருளின் வெறும் மின்தடை ஆறு ஓமாக இருக்கும், கூம்பு இயல்பாக அதிரும் மந்தரத்தில் அது முப்பதுக்கும் ஏறும், மந்தரத்துக்கான வூஃபருக்கும் மேல் ஸ்தாயிக்கான ட்வீட்டருக்கும் பங்குபிரிக்கும் கிராஸ்ஓவர் இருக்கும் இடத்தில் சரியும். சொன்ன எண்ணில் எண்பது சதவீதத்துக்குக் கீழே, அதாவது எட்டு ஓமுக்கு 6.4-க்குக் கீழே, அது எங்கும் இறங்கலாகாது என்பது சர்வதேச விதி. விதியைப் பொருட்படுத்தாமல் நாலு ஓமுக்கு இறங்கும் எட்டு ஓம் பெட்டிகள் ஏராளம்.

இந்த விஷயத்தில் யாவருக்கும் பாடம் புகட்டியது, இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் உருவாக்கி 1957-இல் விற்பனைக்கு விட்ட குவாட் மின்நிலை ஒலிபெருக்கி. காந்தமும் சுருளும் கூம்பும் இல்லாமல், மெல்லிய பிளாஸ்டிக் திரையொன்றை மின்தகடுகளுக்கு நடுவே ஆடவிடும் அந்த விசித்திரச் சாதனம், மனிதக் குரலை உள்ளவாறு காட்டுவதில் அதன் காலத்தில் ஈடற்றது. ஆனால் மின்சாரத்தின் நோக்கில் அது ஒரு கெப்பாஸிட்டர். உச்ச ஸ்தாயிக்குப் போகப்போக அதன் மறுப்பு சுருங்கி இரண்டு ஓம் அளவுக்கு வந்துவிடும். இதைக் கண்டு நிலைகுலைந்து தாமே ஊளையிடத் தொடங்கிய டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு. வோல்ட் அதிகமானாலும் ஆபத்து: 33 வோல்ட்டைத் தாண்டினால் தகட்டுக்கும் திரைக்கும் இடையே மின்பொறி பாய்ந்து திரை பொசுங்கிவிடும். அந்நிறுவனமே 1967-இல் வெளியிட்ட 303 என்ற டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் எட்டு ஓமில் 45 வாட்டோடு, அதாவது 27 வோல்ட் உச்சத்தோடு நின்றுகொண்டது. நூறு வாட்டைப் பெருமையாகக் கொண்டுவந்து மாட்டியவர்களுக்குக் கிடைத்தது புகை.

ஒயர் பற்றி அதிகம் எழுதப்படுகிறது. சொல்ல வேண்டியது சொற்பம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு, போகவர அரை சதுர மில்லிமீட்டர் செம்பில் மூன்றில் ஒரு ஓம் சேர்ந்துவிடும்; இரண்டரை சதுர மில்லிமீட்டரில் அது 0.07 ஓம். வீட்டு மின்இணைப்புக்கு உபயோகிக்கும் தடித்த ஒயர் போதும். மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படுவதை வாங்குவது பக்தி சம்பந்தப்பட்டது.

எஞ்சியிருப்பது, பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒலிபெருக்கியைக் கருக்கிவிடும் என்ற அச்சம். மூர்க்கத்தனமாகத் திருப்பினால் கருக்கும்தான். ஆனால் சிறிய ஆம்ப்ளிஃபயர் கருக்குவது அதனினும் சகஜம் என்பது பலருக்கு விந்தையாகத் தோன்றும். தன்னால் இயன்ற வோல்ட்டுக்கு மேல் கேட்கப்படும் ஆம்ப்ளிஃபயர், அலையின் தலையை வெட்டிச் சமதளமாக்கிவிடுகிறது. மந்தரத்தின் உச்சங்கள் வெட்டுப்பட்டு நின்றுவிட, மேல் ஸ்தாயியின் நுட்பமான சப்தங்கள் மட்டும் குமிழைத் திருப்பத் திருப்ப வளர்ந்துகொண்டே போகின்றன. வெட்டுண்ட முனைகளிலிருந்து பிறக்கும் உயர் அதிர்வுகளும் அவற்றோடு சேர்ந்து, கிராஸ்ஓவர் காட்டிய வழியே நேராக ட்வீட்டரிடம் செல்கின்றன. தலைமயிரை ஒத்த கம்பியால் சுற்றிய அதன் சுருள், தொடர்ந்து ஐந்து பத்து வாட்டுக்கு மேல் தாங்குவதரிது.

அந்த நிலைக்கு இட்டுச்செல்வதும் பெரும்பாலும் ஒலியளவுக் குமிழ் அன்று, அதன் பக்கத்திலுள்ள பாஸ் குமிழ். அதனைப் பத்து டெசிபெல் உயர்த்துகிறவர், மந்தர ஸ்வரங்களுக்கு மட்டும் பத்து மடங்கு சக்தி கேட்கிறார். அவர் வாங்கிய 60 வாட் ஆம்ப்ளிஃபயர் அக்கணமே, அந்த ஸ்வரங்களைப் பொறுத்தவரை, 6 வாட் ஆம்ப்ளிஃபயராகிவிடுகிறது. வூஃபருக்காக அவர் திருப்பிய குமிழால் இறந்துபோவது ட்வீட்டர்.