மூச்சு விடும் நுரையீரலுக்குள் ஒரு ஜன்னல்

உயிருள்ள தசையையும் தோலையும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது ஆராய்ச்சியாளர்களுக்குப் பழகிப்போன வேலை. நுரையீரல்தான் நெடுங்காலம் பிடிகொடுக்காமல் இருந்தது. இத்தனைக்கும் தந்துகிகள் எனும் நுண் ரத்தக்குழாய்களை முதன்முதலில் மனிதக் கண் கண்டதே, 1661-ல் இத்தாலிய விஞ்ஞானி மால்பீகி ஆராய்ந்த தவளையின் நுரையீரலில்தான்! பாலூட்டிகளின் நுரையீரல் அப்படிச் சும்மா கிடப்பதில்லை. சுண்டெலி நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் மூச்சு விடும். அருகிலேயே இதயம் வேறு படபடக்கும். சில மைக்ரான் அகலமே உள்ள தந்துகியை எப்படிக் குறிவைப்பது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் மார்க் லூனி, மேத்யூ க்ரம்மல் குழுவினர் 2011-ல் ஒரு வழி சொன்னார்கள். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, வென்டிலேட்டரில் இணைத்து, மார்புக்கூட்டில் சிறு திறப்பு வைப்பார்கள். அதில் ஒரு வளையம், நடுவில் மெல்லிய கண்ணாடி வில்லை. வளையத்தின் ஓரமாகக் காற்றை லேசாக உறிஞ்சினால், நுரையீரலின் மேற்பரப்பில் துளியூண்டு இடம் மட்டும் கண்ணாடியில் ஒட்டி அசையாமல் நிற்கும். மற்ற பகுதி வழக்கம்போல் விரிந்து சுருங்கும். கேட்க எளிது, உறிஞ்சும் விசை கொஞ்சம் கூடினாலும் திசு நசுங்கிவிடும்.

இந்த ஜன்னல் வழியாக 2017-ல் லூனி குழு கண்டது பாடப்புத்தகத்தையே அசைத்தது. எலும்பு மஜ்ஜையில் உருவாவதாக நாம் படித்த தட்டணுக்கள், எலியின் நுரையீரலில் மணிக்கு ஒரு கோடிக்கு மேல் பிறந்துகொண்டிருந்தன. எலியின் மொத்தத் தட்டணுக்களில் ஏறக்குறைய பாதி!

நோயின் பக்கம் வருவோம். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்குத் திடீரென மார்பு வலியும் மூச்சுத்திணறலும் வந்து, உயிரையே பறிப்பதுண்டு. நுரையீரலின் ரத்தக்குழாய் அடைபடுகிறது என்பது தெரியும். எங்கே, எதனால்? இறந்த திசுவின் துண்டு, அடைப்பைக் காட்டும். அது வந்த வழியைக் காட்டாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பிரிது சுந்த் குழு, மனித அரிவாள் செல் ஹீமோகுளோபின் கொண்ட எலிகளுக்குப் பாக்டீரியா நச்சை மிகச் சிறிய அளவில் செலுத்தி, இதே போன்ற ஜன்னல் வழியாகப் பார்த்தது. ரத்தம், வெள்ளையணு, தட்டணு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஒளிரும் நிறம். நியூட்ரோஃபில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் கட்டியாகத் திரண்டு மிதந்து வருகின்றன; சிறுதமனி ஒடுங்கித் தந்துகியாகும் வாயில் போய்ச் செருகிக்கொள்கின்றன. அதற்கு அப்பால் ரத்த ஓட்டம் இல்லை. ‘பி-செலக்டின்’ என்ற ஒட்டுப் புரதத்தைத் தடுத்ததும் அடைப்புகள் குறைந்தன. 2017-ல் வெளியான இந்த ஆய்வை நான் பெரிதாக மதிப்பது, கட்டி வந்து சேரும் அந்தக் கணத்தைப் படம்பிடித்ததற்காகத்தான்.

ஆனால் எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு மருந்தாகிவிடாது. பார்வை எட்டுவதும் நுரையீரலின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு வரைதான். பி-செலக்டினைத் தடுக்கும் கிரிசான்லிசுமாப் மருந்துக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அரிவாள் செல் நோயாளிகளைப் படுத்தும் வலித் தாக்குதல்களைக் குறைக்கத்தான் அந்த மருந்து. அடுத்து நடந்த பெரிய சோதனையில், வெற்று மருந்தைவிட அது மேலானது என்று நிரூபணமாகவில்லை. 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியை ரத்து செய்தது.

இந்தியாவில் அரிவாள் செல் தன்மை பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம். நம் நாட்டு நோயாளிகளுக்கு இன்றும் கைகொடுப்பது ஹைட்ராக்சியூரியா மாத்திரைதான். இந்நோய்க்கென 1998-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தபோது, லூனியின் ஜன்னல் திறக்கவே இல்லை.